குச்சியை மாற்றுவதா, காலை மாற்றுவதா?

ஸ்னூக்கரில் பிரேக், அதாவது ஒரே தடவையில் விடாமல் தொடர்ந்து எடுக்கும் பாயிண்ட், 20, 25-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். மூன்று பேருமே கேள்வியோடு பதிலையும் கையில் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு நல்ல குச்சி வாங்க வேண்டும். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூரு போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறார். மூன்றாவது ஒரு பையன், காவேரிப்பட்டணத்துக்காரன், யூடியூப் பார்த்து நிற்கும் விதத்தையே மாற்றிவிட்டான், இப்போது பத்து கூட வருவதில்லையாம். இந்த மூன்றையும் நான் செய்து பார்த்தவன், அதுவும் தப்பான வரிசையில், செலவு அதிகமானதில் தொடங்கி. அதனால் எது எதற்கு உதவும், யாருக்கு எது வேண்டாம் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் யார் சொல்ல என்று தோன்றும். வயது 34. வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கிளப். அங்கே பெரிய ஸ்னூக்கர் போர்டு ஒன்றே ஒன்று, மீதி எல்லாம் பூல். வாழ்க்கையிலேயே பெரிய பிரேக் 58, அடிக்கடி வருவது 30, 35. அவ்வளவுதான் என் தகுதி. தோற்றவன் போர்டு காசு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கிளப்பில் எழுதாத சட்டம், உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். நம் பக்கத்து ஆட்டக்காரர்களின் அடியைக் கெடுப்பதே இந்தச் சட்டம்தான் என்பது என் கட்சி. காசு போகுமே என்ற பயத்தில் யாரும் புதிதாக ஒன்றைப் பழகிப் பார்ப்பதில்லை, கோணலோ மாணலோ இத்தனை நாள் அடித்த அடியையே அடித்து ஃப்ரேமை, அதாவது ஓர் ஆட்டத்தை, முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

சரி, குச்சி. நான் முதலில் மாற்றியது அதைத்தான். போனஸ் வந்த கையோடு பெங்களூருவில் ஒரு கடையில் முக்கால் நீளத்தில் கழற்றிப் பூட்டும் ஜாயிண்ட் போட்ட ஆஷ் மரக் குச்சி, அதற்கு ஓர் உறை, குச்சி முனையில் தடவ விலை உயர்ந்த சாக் கட்டி என்று அள்ளிக்கொண்டு வந்தேன். முதல் வாரம் அற்புதம். புதுச் செருப்பு போட்டால் இரண்டு நாளைக்கு நடையே மாறுமே, அந்த மாதிரி. மூன்றாவது வாரம் தூரத்து அடியெல்லாம் பழையபடி பாக்கெட்டின் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் மார்க்கர் அண்ணன், அந்தப் போர்டுத் துணியைத் துடைத்து இஸ்திரி போட்டே பாதி ஆயுளைக் கழித்தவர், ஸ்கோரை நகர்த்திக்கொண்டே, முகத்தைக் கூடத் திருப்பாமல் சொன்னார்: “தம்பி, குச்சி நேராத்தான் இருக்கு. நீதான் கோணலா நிக்கற.”

அதற்காகச் சொந்தக் குச்சியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிளப் குச்சிகளை போர்டின் மேல் உருட்டிப் பாருங்கள், பாதி குச்சி நொண்டும். முனையில் ஒட்டிய தோல் டிப் காளான் மாதிரி விரிந்து கிடக்கும். இன்றைக்கு ஒரு எடை, நாளைக்கு ஒரு எடை என்று மாறி மாறிப் பிடித்தால் கைக்கு எதுவும் பழகாது. பூல் குச்சியால் ஸ்னூக்கர் ஆடுகிறவர்களையும் பார்க்கிறேன். பூல் பந்து 57.15 மில்லிமீட்டர், ஸ்னூக்கர் பந்து 52.5. பூல் குச்சியின் டிப் 12, 13 மில்லிமீட்டருக்கு இருக்கும், ஸ்னூக்கர் குச்சிக்கு 9, 10 போதும். சின்னப் பந்தைப் பெரிய டிப்பால் தொட்டால் எங்கே தொட்டோம் என்பதே தெரியாது. ஆகவே இன்னும் கிளப் குச்சியில் ஆடுகிறவர்கள், சுமாரான விலையில், உருட்டினால் நொண்டாத, 57 அல்லது 58 அங்குலக் குச்சி ஒன்றை வாங்கி, டிப்பை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்து நல்லதாக மாற்றிக்கொண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆஷா மேப்பிளா என்பதெல்லாம் நார்க்கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா என்ற ருசி சமாசாரம். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள். சொந்தக் குச்சி ஏற்கெனவே இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். இரண்டாவது குச்சி எந்த வியாதிக்கும் மருந்து கிடையாது.

வியாதி என்னவென்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. பழுப்புப் பந்து வைக்கும் புள்ளியில் வெள்ளையை வையுங்கள். நீலம், பிங்க், கறுப்பு மூன்றின் புள்ளிகளும் நடுக்கோட்டிலேயே வருவதால் அவற்றின் மேலாகவே உருட்டி, எதிர்ப் பக்கத்து ரப்பர் ஓரமான குஷனில் பட்டு, திரும்பி உங்கள் டிப்புக்கே வருமாறு அடியுங்கள். பழுப்புப் புள்ளியிலிருந்து அந்தக் குஷன் 9 அடிக்குக் கொஞ்சம் மேல். குச்சி அரை டிகிரி கோணலாகப் போனால் பந்து குஷனைச் சேரும்போது ஏறக்குறைய 1 அங்குலம் விலகியிருக்கும், திரும்பி வரும்போது அது இரண்டாகும், அதாவது கிட்டத்தட்ட ஒரு பந்தின் அகலம். அரை டிகிரி என்பதைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. பந்துதான் காட்டிக்கொடுக்கும். அடித்த பிறகு எழுந்துவிடாமல் அப்படியே உறைந்து நின்று குச்சியின் முனை எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். முனை கோட்டிலேயே இருக்கிறது, ஆனால் பந்து குஷனில் பட்ட பிறகு வளைந்து ஒரு பக்கம் போகிறது என்றால், வெள்ளையின் நடுவைத் தொடவில்லை, தெரியாமலேயே பக்கவாட்டில் தொட்டுப் பந்தைச் சுழலவிட்டு, அதாவது சைடு போட்டிருக்கிறீர்கள். முனையே கோட்டை விட்டு விலகி நிற்கிறது என்றால் குச்சி குறுக்கே போயிருக்கிறது. போகும்போதே பந்து கோட்டை விட்டு விலகுகிறது, முனையும் அதே பக்கத்தைப் பார்க்கிறது என்றால் நீங்கள் நின்றதே கோணல். இருபது முறை அடித்தால் எந்தத் தப்பு அதிகம் என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தப் புள்ளிகளின் மேல் சும்மா உருட்டிவிட்டுப் பாருங்கள், போர்டே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உங்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கிரானைட்டுக்குப் பேர் போன மாவட்டத்தில் இருந்துகொண்டு அடியில் இருக்கும் ஸ்லேட் கல்லைச் சமமாகப் போட ஆள் கிடைக்காத கிளப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இருபதில் பதினான்கு, நின்றதே கோணல். ஆக, கால்.

நிற்பதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு, அவற்றுக்கு நடுவில் ஆளுக்கு ஆள் ஒரு கலவை. வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் வலது கால் முட்டியைப் பூட்டினாற்போல் விறைப்பாக இருக்கும், பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்; இடது கால் முன்னால் போய் முட்டி மடங்கி, பாதம் அடிக்கும் திசையைப் பார்க்கும். உடம்பு பாதி பக்கவாட்டில் திரும்பி, கத்தி வீச நிற்கிற மாதிரி ஒரு தோற்றம். 1927-லிருந்து 1946 வரை 15 முறை உலகப் பட்டம் வாங்கிய ஜோ டேவிஸ் காலத்துப் பாடம் இது. இன்னொன்றை நேர் முறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாதமும் ஏறக்குறைய ஒரே வரிசையில், தோள் அகலத்துக்கு விரிந்து, இடுப்பும் நெஞ்சும் போர்டை நேராகப் பார்க்கும். முட்டிகள் லேசாக மடங்கலாம், உயரம் குறைந்தவர்கள் இரண்டையும் நீட்டியே வைத்துக்கொள்ளலாம். இப்போது டிவியில் வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் சாய்ந்தவர்கள்தான்.

எது நல்லது? குனிந்து நிற்கும்போது யாரையாவது உங்கள் தோளைப் பக்கவாட்டில் இரண்டு விரலால் தள்ளச் சொல்லுங்கள். பழைய முறையில் கால்கள் முன்னும் பின்னுமாக இருப்பதால் முன்பின் ஆட்டத்தை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலுக்குக் கொஞ்சம் ஆடும். நேர் முறை பக்கவாட்டில் பாறை மாதிரி நிற்கும். தூரத்து அடியைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான், இரண்டு மில்லிமீட்டர் போதும். இந்தக் கணக்கில் நேர் முறைக்கே ஓட்டு. இன்னொரு லாபம், நெஞ்சு முன்னால் வருவதால் குச்சி தாடையிலும் நெஞ்சிலும் தானாக உரசும், அதாவது முன் கை, தாடை, நெஞ்சு, பின் கை என்று நான்கு இடம் குச்சியைத் தாங்கும். எங்காவது விலகினால் தோலுக்கே தெரியும்.

ஆனால் நேர் முறைக்கு ஒரு விலை உண்டு, அதை யூடியூபில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குத் தொப்பை இருப்பதில்லை. இரண்டு காலையும் சமமாக வைத்துக் குனியும்போது முழு மடிப்பும் இடுப்பிலும் தொடைப் பின்நரம்பிலும் விழும். போர்டின் உயரம் 34 அங்குலம்தான். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து அந்த உயரத்துக்கு முகத்தை இறக்கிப் பாருங்கள். நான் ஒரு மாதம் அப்படியே நின்றேன், மறுநாள் காலை ஓசூர் பஸ்ஸில் சூளகிரி வருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவேன். அது மட்டுமல்ல, நேராக நின்றால் வலது இடுப்பு குச்சி போகும் பாதையில் குறுக்கே வரும். கொஞ்சம் கனமான உடம்பு என்றால் குச்சி இடுப்பைச் சுற்றிப் போக வெளிப்பக்கம் நகரும், அதோடு நேர்கோடு போச்சு. காவேரிப்பட்டணத்துப் பையனுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன், அவன் ஆள் ஒல்லி என்றாலும் கால்களை ரொம்பக் கிட்டக் கிட்ட வைத்திருந்தான். பழைய முறையில் இடுப்பு தானாகவே விலகிக்கொள்ளும், முதுகும் கொஞ்சம் தப்பிக்கும், ஆனால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடது முட்டியில் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரே முட்டியில் எடை ஏறுவதும் ஆகாது.

என் தீர்ப்பு: முப்பதுக்குள், உடம்பு வளைகிற, இடுப்பு இடைஞ்சல் செய்யாத ஆட்களுக்கு நேர் முறை. மற்றவர்களுக்குப் பழைய முறையில் தொடங்கி, முன்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து, இடுப்பு எங்கே முறுமுறுக்கிறதோ அதற்கு ஒரு இம்மி முன்னால் நிறுத்திக்கொள்வது. நான் இப்போது அப்படித்தான் நிற்கிறேன், பார்க்க அழகாக இருக்காது. கூடவே ஒரு சின்ன விஷயம். எங்கள் கிளப்பில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உள்ளே வழுவழுவென்று டைல்ஸ். சாக்ஸோடு நேர் முறையில் காலை விரித்தால் இரண்டு பாதமும் மெல்ல மெல்ல விலகும், அடிக்கும்போது உடம்பு கீழே இறங்கும். வெறுங்காலோடு நில்லுங்கள், அல்லது போர்டுக்கென்றே ஒரு ஜோடி ரப்பர் அடி ஷூவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லியும், இரண்டு முறைக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது, எனக்கு வித்தியாசம் தெரிந்தது அதில்தான். காலை எப்போது, எங்கே வைக்கிறோம் என்பது. நம்மில் பலர் போர்டு ஓரத்துக்குப் போய், குனிந்து, குனிந்த பிறகு குறி பார்த்து, அப்புறம் காலை உரசி உரசிச் சரிசெய்கிறோம். உடம்பு ஒரு கோட்டில் இறங்கிவிட்டது, கண் வேறு கோட்டைக் கேட்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட கை குச்சியைத் திருகி ஒப்பேற்றுகிறது. அப்படிச் செய்யாமல் ஓர் எட்டு பின்னாலேயே நின்று, அடிக்க வேண்டிய கோட்டை நின்ற நிலையிலேயே பார்த்து, அந்தக் கோடு தரையில் நீண்டு வருவதாக நினைத்துக்கொண்டு, வலது பாதத்தை அதன் மேல் வைத்துவிட வேண்டும். அப்புறம் இடது கால், அப்புறம் முகத்தை நேராக, லிஃப்ட் இறங்குவது போல, கோட்டின் மேலேயே இறக்குவது. இறங்கிய பிறகு தப்பாகத் தெரிந்தால் கால் விரலைக்கூட நகர்த்தக்கூடாது, எழுந்து முதலிலிருந்து வர வேண்டும். காசு போகிற ஆட்டத்தில் இப்படி எழுந்தால் எதிராளி “என்னண்ணே, வேண்டுதலா?” என்பான். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு வருகிறேன், இதில் அதிகம் இழுக்க மாட்டேன். டிப் வெள்ளையைத் தொடும் நொடியில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை செங்குத்தாகத் தொங்க வேண்டும். பின் கையைக் குச்சியில் எங்கே பிடிப்பது என்பதற்கு இதுதான் அளவு, குச்சியின் கடைசி நுனி அளவு கிடையாது. குட்டையானவர்கள் தாராளமாக முன்னால் பிடிக்கலாம். பிடி எவ்வளவு இறுக்கம் என்றால், சீசனில் சந்தைக்குப் போய் மல்கோவா பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்போமே, கடைக்காரர் திட்டாத அளவுக்கு, அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் பின்னால் இழுக்கும்போது குச்சியின் பின்பக்கம் மேலே தூக்கும். பின்னால் போகும்போது கடைசி இரண்டு விரல் திறந்து, அடிக்கும்போது மூடினால் குச்சி படுத்த மட்டத்திலேயே போகும்.

முழங்கையைக் கடைசிவரை அசைக்காமல் வைப்பதா, அடித்த பிறகு கீழே விடுவதா என்று ஒரு பெரிய சண்டை உண்டு. ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ரானி ஓ’சல்லிவன் முழங்கையை விடுகிறாரே என்பார்கள். விடுகிறார்தான், ஆனால் வெள்ளையைத் தொட்ட பிறகு. நாம் விட்டால் தொடுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும், டிப் வெள்ளையில் நினைத்த இடத்தைத் தொடாது. 50 பிரேக் அடிக்கும்வரை ஊஞ்சல் கம்பி மாதிரி முழங்கை மேலேயே நிற்கட்டும், கை நெஞ்சில் வந்து முட்டி நிற்கட்டும். பின்னால் இழுத்த இடத்தில் ஒரு கணம் நிற்பது நல்லதா என்றால், நல்லதுதான், அவசரக்காரர்களுக்கு அதுவே பாதி வைத்தியம். ஆனால் அதை எண்ணிக்கொண்டே நின்றால் கை மரத்துப்போகும். உடம்பெல்லாம் ஆடி, அடிக்கும்போதே எழுந்து 1972-லும் 1982-லும் உலகப் பட்டம் வாங்கிய அலெக்ஸ் ஹிக்கின்ஸையும் யாராவது உதாரணம் காட்டுவார்கள். அவர் கணக்கு வேறு, நமக்கு அது வேண்டாம்.

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் வீணாகவில்லை என்றாலும் எனக்கு நாள் வீணானது. குச்சி தாடையின் நட்டநடுவில்தான் இருக்க வேண்டும் என்று வலுக்கட்டாயமாக வைத்திருந்தேன். ஜோ டேவிஸுக்கே வலது கண் பார்வை குறைவு, குச்சி இடது கண்ணுக்குக் கீழேதான் ஓடும். கையை நீட்டிக் கட்டைவிரலால் தூரத்தில் ஒரு விளக்கை மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் விளக்கின் மேலேயே நிற்கிறதோ அது ஆளும் கண். குச்சி அந்தப் பக்கம் கொஞ்சம் நகர ஆசைப்பட்டால் விட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை: தாடை குச்சியில் பட்டதும் கண் சட்டத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் பார்க்கும், தூரத்துப் பந்து மங்கும், உடனே தலையைத் தூக்குவார்கள், தலை தூக்கினால் நெஞ்சும் விலகும். 1985 உலகப் பட்ட இறுதியாட்டத்தில் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று வென்ற டென்னிஸ் டெய்லரின் ஆளை விழுங்கும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள், அது குனிந்த நிலையிலும் கண்ணாடி வழியாகவே பார்ப்பதற்காகச் செய்தது. அவ்வளவு போக வேண்டாம், சட்டத்தை மூக்கில் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டாலே பாதி சரியாகும், முடிந்தால் காண்டாக்ட் லென்ஸ்.

இனி எங்கே, யாரிடம் கற்பது என்பது. 1875-ல் ஜபல்பூரில் பிறந்த இந்த ஆட்டத்துக்கு 1882-ல் விதி எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில். விதி வந்த ஊர் நம் பக்கம்தான், ஆனால் சொல்லிக்கொடுக்கும் ஆளைத் தேடி மலைக்கு இந்தப் பக்கம் நாம் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. 2025-ல் தோஹாவில் பெண்களுக்கான உலகப் பட்டம் வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பெண், ஆனால் சென்னை நமக்கு 250 கிலோமீட்டர். பெங்களூரு கிருஷ்ணகிரியிலிருந்து 90, தர்மபுரிக்காரர்களுக்கு இன்னும் 45, 50 கூட. பல முறை உலகப் பட்டம் வென்ற பங்கஜ் அத்வானி வளர்ந்த ஊர் அது, கர்நாடக பில்லியர்ட்ஸ் சங்கமே அங்கே இருக்கிறது, நல்ல ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை.

நான் வாராவாரம் போனேன், இரண்டு மாதம். அத்திப்பள்ளி டோலிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் கழிந்த நேரம் போர்டில் கழிந்த நேரத்தை விட அதிகம். நான் போன இடத்தின் பெயர் வேண்டாம், அங்கே முதல் மணி நேரத்திலேயே என் பிடி, கால், தாடை, முன் கை நான்கையும் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரிதான். ஆனால் அடுத்த ஞாயிறுவரை இங்கே தனியாக ஆடும்போது எதைக் கவனிப்பது என்றே தெரியவில்லை, காலைப் பார்த்தால் பிடி போய்விடுகிறது, பிடியைப் பார்த்தால் தலை எழுகிறது, இதற்கு நடுவில் தோற்ற ஃப்ரேமுக்கெல்லாம் போர்டு காசு. அவர்களைக் குறை சொல்வதைவிட என் தப்பு என்றே சொல்வேன், நான்தான் “எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க சார்” என்று போய் நின்றேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறேன், போகும்போது “இந்த ஒரு தப்பை மட்டும் பாருங்கள்” என்று வீடியோவோடு போகிறேன். ஒரே மணி நேரத்தில் இரண்டு வேலை கொடுத்து அனுப்புகிறார்கள், அது மூன்று மாதத்துக்குத் தாங்குகிறது. ஓசூரில் இருப்பவர்களுக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், அவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போகலாம். தர்மபுரியிலிருந்து வாராவாரம் போகிறேன் என்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

வீடியோவுக்கு நண்பனின் போன் போதும். எதிர்க் குஷனின் மர விளிம்பில், இரண்டு சாக் கட்டிகளுக்கு நடுவில் போனை நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்க்க வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். குச்சி நெற்றிக்கு முன்னால் நேராக வருகிறதா, பாம்பு மாதிரி நெளிகிறதா என்று தெரியும். பக்கவாட்டில் ஒன்று எடுத்தால் முழங்கை எப்போது விழுகிறது என்பது தெரியும். இரண்டும் சேர்ந்து பத்து நிமிடம். முதல் முறை பார்க்கும்போது வெட்கமாக இருக்கும், நான் நேராகத்தான் இருக்கிறேன் என்று பத்து வருடமாக நினைத்திருந்தேன்.

கடைசியாக, ஒரு பைசா செலவில்லாத வழி. எனக்கு அதிகம் உதவியதும் அதுதான். நம் வீட்டுச் சமையல் மேடைகளை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 32-லிருந்து 34 அங்குலம், ஸ்னூக்கர் போர்டின் உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். எங்கள் வீட்டு மேடை கறுப்பு கிரானைட், ஒரு முனை சுவரில் முட்டாமல் வெட்டி நிற்கிறது. அந்த முனைக்கு எதிரே தரையில் டைல்ஸ் இணைப்புக் கோடு ஒன்று மேடைக்கு இணையாக ஓடி வருகிறது, அதுதான் என் குறிக்கோடு. பின்னால் ஓர் எட்டு நின்று பார்ப்பது, வலது பாதத்தைக் கோட்டில் வைப்பது, இடது கால், இறங்குவது. மேடை மேல் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை வாய் என்னைப் பார்க்குமாறு படுக்க வைத்து, குச்சி முனை வாயில் படாமல் ஐந்தாறு அங்குலம் உள்ளே போய் வர வேண்டும். பட்டால் பாட்டில் உருளும், பொய் சொல்ல முடியாது. கிரானைட்டில் முன் கை வழுக்கினால் ஒரு மெல்லிய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும், பந்து கிடையாது, பாக்கெட் கிடையாது, காசு போகும் பயமும் கிடையாது. முதல் வாரம் பத்துக்கு மூன்று, ஆறாவது வாரம் பத்துக்கு எட்டு. அதன் பிறகுதான் கிளப்பில் அந்தப் பழுப்புப் புள்ளிச் சோதனையில் வெள்ளை டிப்புக்கே திரும்பி வர ஆரம்பித்தது. அதற்கடுத்த படி, நீலத்தை அதன் புள்ளியில் வைத்து, மேல் மூலைப் பாக்கெட்டிலிருந்து நீலம் வழியாக வரும் நேர்கோட்டில், எதிர்மூலைப் பக்கம் வெள்ளையை வைத்து அடிப்பது. நீலம் விழுந்து, பின்னாலேயே வெள்ளையும் அதே பாக்கெட்டில் விழுந்தால் ஃபவுல்தான், ஆனால் குச்சி நேராகப் போயிருக்கிறது என்று சந்தோஷப்படலாம்.

மேடையில் ஒரே பிரச்சினை நேரம். ராத்திரி ஏழரைக்கு நான் பாட்டிலைப் படுக்க வைத்தால் அம்மா தோசைக் கல்லோடு வந்துவிடுவார். “டேய், தள்ளு, கல்லு காயுது.” அதனால் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் தூங்கிய பிறகுதான். இப்போது புது ஃப்ரிட்ஜ் வரப்போகிறது, அந்த முனைக்குப் பக்கத்தில்தான் வைப்பார்களாம். நான் வலது பாதம் வைக்கும் டைல் சரியாக அதன் அடியில் போகிறது. மேடையின் இன்னொரு முனையில் சிங்க் இருக்கிறது. இந்த வாரக் கடைசிக்குள் ஹாலில் 34 அங்குல உயரத்துக்கு ஏதாவது தேற்ற வேண்டும், இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் இரண்டு பலகை போட்டால் வருமா என்று அளந்துகொண்டிருக்கிறேன்.